இருபது நிமிடம் முன்னதாக

எர்லீன் பெட்டிஃபோர்ட் முப்பத்து நான்கு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அதில் ஒரே ஒரு வருஷத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்காமலே பேசுவாள். தொண்ணூற்று நான்கில் தொடங்கி தொண்ணூற்று ஐந்தில் முடிந்த பள்ளி வருஷம் அது. பேச்சு அங்கே போய்விட்டால் காப்பி ஆறுவதுகூட அவளுக்குத் தெரியாது.

அமெரிக்காவின் வட கரோலினாவில் கார்வர்ஸ் மில் என்ற சின்ன ஊர். தண்டவாளத்துக்குக் கிழக்கே கறுப்பர்களின் வீடுகள், மேற்கே மற்றவர்களுடையவை. எர்லீன் கிழக்கில் பிறந்தவள். அவள் சிறுமியாக இருந்தபோது கிழக்குக்கென்று தனியாக ஒரு பள்ளி இருந்தது. அங்கே ஒன்பதாம் வகுப்போடு கணக்கு தீர்ந்துவிடும். அதற்கு மேல் சொல்லித்தர ஆளும் இல்லை, புத்தகமும் இல்லை. கூட்டலிலும் கழித்தலிலும் அவளை யாரும் முந்தியதில்லை என்று அவளுடைய அக்கா சொல்லிக்கொண்டே இருப்பாள். அதை வைத்துக்கொண்டு அவளால் செய்ய முடிந்தது புகையிலைத் தொழிற்சாலையில் கட்டுகளை எண்ணும் வேலைதான். எழுபத்திரண்டில் பள்ளிப் பேருந்து ஓட்ட ஆள் எடுத்தார்கள். முதல் நாள் அந்தப் பெரிய ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு கையும் போதவில்லையாம். இரண்டாம் நாள் போதுமாயிருந்தது.

அந்தத் தொண்ணூற்று நான்கு ஆகஸ்டில்தான் மாவட்டத்தில் ஒரு விதி மாறியது. அதுவரை எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் படிக்க வேண்டுமென்றால் ஆசிரியர் ஒருவர் பரிந்துரைக்க வேண்டும். கிழக்கிலிருந்து போன பையன்களை யாரும் பரிந்துரைத்ததே இல்லை. நல்ல மதிப்பெண் வாங்கியவன்கூட சாதாரணக் கணக்கு வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்குவான். அந்த வருஷம் தேர்வு மதிப்பெண் மட்டும் போதும் என்றார்கள். பட்டியல் வந்தது. கிழக்கிலிருந்து நான்கு பேர். நான்கு பேருமே எர்லீனின் எண்பத்தெட்டாம் எண் பேருந்தில் வருகிறவர்கள்.

வாய் ஓயாமல் பேசுகிறவன் கோர்டெஸ். மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருக்கிறவன் ஷெல்டன். எல்லாவற்றையும் கேலி செய்கிறவன் ரஷான். டுவெய்ன் மற்ற மூவரையும்விட ஒரு முழம் உயரம். ஆனால் பேசினால் குரல் பக்கத்து இருக்கைக்குக்கூடக் கேட்காது.

முதலில் எர்லீனுக்கு அவர்கள் மேல் கோபம்தான் வந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும் இடமெல்லாம் விரலால் கிறுக்கி வைத்திருப்பார்கள். அவள் சாயங்காலம் துணி எடுத்துத் துடைக்க வேண்டும்.

"யாருடா கண்ணாடியில எழுதுறது? உங்க வீட்டுச் சுவரா அது?"

"நான் இல்ல மிஸ் எர்லீன், ஷெல்டன்தான்," என்றான் கோர்டெஸ்.

"அவன் தப்பா எழுதினான், நான் திருத்தினேன்," என்றான் ஷெல்டன்.

"தப்பா? உன் கண்ணாடியையும் சேர்த்துத் துடைச்சுட்டுப் பாருடா. நான் போட்ட மைனஸ் தெரியும்," என்றான் கோர்டெஸ்.

"உனக்கு மைனஸ்னா என்னன்னே தெரியாது. உன் முடிவெட்டைப் பாத்தா மட்டும்தான் தெரியும், அதுல நிறைய மைனஸ்."

பேருந்தே சிரித்தது. எர்லீனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

அக்டோபர் நடுவில் ஒரு நாள், நடுநிலைப் பள்ளி வாசலில் எல்லோரும் இறங்கிய பிறகு டுவெய்ன் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"டுவெய்ன், கண்ணு, இறங்கு. நேரமாச்சு."

"நேரம் எப்பவோ ஆயிருச்சுங்கம்மா. இறங்கி என்ன பண்ண? இன்னொரு முட்டை வாங்கவா?"

பேசாத பிள்ளை பேசினால் நின்று கேட்க வேண்டும் என்பது எர்லீனுக்குத் தெரியும். வண்டியை அணைத்தாள். கீழே இறங்கிப் போயிருந்த மூவரும் திரும்பி வந்து படியில் நின்றார்கள். மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. இயற்கணித வகுப்பு ஏழு நாற்பதுக்குத் தொடங்கும். முதல் பத்து நிமிஷம் தினமும் ஒரு சிறு தேர்வு. அடுத்த பத்து நிமிஷம் வீட்டுப்பாடத்தில் வந்த சந்தேகங்கள். தொடக்கப் பள்ளிச் சிறுசுகளை முதலில் இறக்கிவிட்டு எண்பத்தெட்டாம் எண் பேருந்து நடுநிலைப் பள்ளி வாசலுக்கு வருவதோ ஏழு ஐம்பத்தைந்துக்கு. தினமும் தேர்வுக்குச் சுழி. சந்தேகம் கேட்கப் போனால் அது ஏற்கெனவே முடிந்திருக்கும். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குள் இன்னும் இருபது முறை தாமதமானால் நால்வரையும் சாதாரண வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள்.

"இதை ஏன்டா யாருகிட்டயும் சொல்லல?"

கோர்டெஸ் தோளைக் குலுக்கினான். "சொன்னா, பஸ்ஸைச் சாக்கு சொல்றானுங்கன்னு சொல்லுவாங்க. உங்களுக்கும் கெட்ட பேரு."

தனக்குக் கெட்ட பெயர் வரக் கூடாதென்று நான்கு பிள்ளைகள் இரண்டு மாதமாக முட்டை வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது எர்லீனுக்குத் தாங்கவில்லை. பேருந்தைப் பூட்டிவிட்டு அவர்களோடு சேர்ந்து உள்ளே நடந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பள்ளியின் தாழ்வாரத்தில் அவள் கால் வைத்தது அதுதான் முதல் முறை.

கணக்கு ஆசிரியை திருமதி விட்லோ வெள்ளைக்காரப் பெண்மணி. மெல்லிய உருவம், கை முழுக்க சாக்பீஸ் தூள். கதவருகே வந்து நின்று எர்லீன் சொன்னதைக் கேட்டாள்.

"பேருந்தா?" என்றாள். "இவங்க தாழ்வாரத்துல நின்னு அரட்டை அடிச்சுட்டு வர்றாங்கன்னு நான் நினைச்சேன்."

"நீங்க கேக்கலையா?"

திருமதி விட்லோவின் முகம் சிவந்தது. "இல்லை. கேக்கலை."

அந்தப் பதிலுக்காகவே அவளை மன்னித்ததாக எர்லீன் பின்னாளில் சொல்வாள். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நேரத்துக்கு வந்துவிட்டால் பழைய சுழிகளைக் கணக்கில் எடுக்க மாட்டேன் என்று ஆசிரியை வாக்குக் கொடுத்தாள். ஆனால் வகுப்பு தொடங்கும் நேரமும், தாமதத்துக்கான விதியும் அவள் கையில் இல்லை.

எர்லீன் நேராக வாகன அலுவலகத்துக்குப் போனாள். மேற்பார்வையாளர் கேய்தர் கிழக்கைச் சேர்ந்தவர்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாடகர் குழுவில் அவளுக்குப் பின் வரிசையில் நின்று அடித்தொண்டையில் பாடுகிறவர்.

"சிறுசுங்களை அப்புறம் விடு. நடுநிலைப் பள்ளிக்கு முதல்ல போ," என்றார்.

"சிறுசுங்க காலைச் சாப்பாடு அங்கதான் சாப்பிடுது. பாதிப் பிள்ளைங்க வீட்டுல ஒண்ணும் தின்னுட்டு வர்றதில்ல. அதுங்க வயித்துல அடிச்சு இவனுங்களுக்குக் கணக்கா?"

"அப்போ எல்லாரையும் இருபது நிமிஷம் முன்னாடி ஏத்தணும்."

"ஏத்துறேன்."

"சிஸ்டர் பெட்டிஃபோர்ட், நீ நினைச்சா ஆயிருமா? உன் ரூட்ல பத்தொன்பது வீடு. ஒருத்தர் புகார் குடுத்தாப் போதும், என் தலை உருளும். பத்தொன்பது கையெழுத்தும் கொண்டா. நான் மேல பேசுறேன். பதினெட்டுன்னு வந்துறாதே."

அந்தச் சனிக்கிழமை காலை சர்ச்சுக்குப் போகும் நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு எர்லீன் கிளம்பினாள். கையில் ஒரு கோடு போட்ட தாள். தன் பேருந்து நிற்கும் ஒவ்வொரு வாசலையும் பார்த்திருக்கிறாளே தவிர, உள்ளே எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. சில வீடுகளில் உட்காரச் சொல்லிக் கேக் கொடுத்தார்கள். சில வீடுகளில் வலைக்கதவைத் திறக்காமலே பேசினார்கள்.

"நாலு பசங்க கணக்குப் போட, என் பொண்ணு இருட்டுல எந்திரிக்கணுமா?" என்றாள் ஒரு தாய்.

"ஆமா. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"கூச்சமே இல்லாமக் கேக்குறியே."

"கூச்சம் இருக்கு. அதான் தொப்பி போட்டுட்டு வந்தேன்."

அவள் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

மர அறுவை ஆலையில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்த பர்விஸ் என்ற கிழவர் பேத்தியை வளர்த்துவந்தார். அவர் தாளை வாங்கி நீண்ட நேரம் பார்த்தார்.

"இந்த அல்ஜீப்ராவை வச்சு என்னம்மா பண்ணுவாங்க?"

எர்லீன் யோசித்தாள். விமானம், பாலம், மருந்து என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். "எனக்குத் தெரியாது மிஸ்டர் பர்விஸ். நாம படிச்ச ஸ்கூல்ல அது இல்ல. அதனாலதான் கேக்குறேன்."

பர்விஸ் மீதமிருந்த விரல்களால் பேனாவைப் பிடித்துத் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

மூன்று சனிக்கிழமைகளில் பதினெட்டு கையெழுத்துகள் சேர்ந்துவிட்டன. மிஞ்சியது ஒரே வீடு. செம்மண் பாதையின் கோடியில் இருக்கும் வோண்டா தாரிங்டன் வீடு. பேருந்தின் முதல் நிறுத்தம் அதுதான், ஆறே முக்காலுக்கு. வோண்டா கோழி ஆலையில் இரவு வேலை பார்க்கிறவள். வீடு திரும்பும்போது ஆறரை ஆகும். மகன் டைரிக்கு ஆறு வயது. ராத்திரி அவன் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இருப்பான்.

"ஆறு இருபத்தஞ்சுக்கு வண்டி வந்தா எம் புள்ளைய நான் பாக்கவே முடியாது," என்றாள் வோண்டா. இரவு வேலை செய்த கண்கள் வீங்கியிருந்தன. "காலையில அந்தப் பத்து நிமிஷம்தான் அவனும் நானும். மூஞ்சி கழுவி விடுவேன். ஏதாவது கதை சொல்லுவான். அதை மட்டும் கேக்காதீங்க. வேற என்ன வேணும்னாலும் கேளுங்க."

எர்லீன் தாளை மடித்துப் பையில் வைத்தாள். வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்து பேருந்துப் பாதையைப் பென்சிலால் வரைந்தாள். பாதை ஒரு வளையம்தான். வலப்பக்கமாகச் சுற்றினால் டைரி முதலில் ஏறுவான், நான்கு பையன்களும் கடைசியில் ஏறுவார்கள். இடப்பக்கமாகச் சுற்றினால் எல்லாம் தலைகீழாகும். டைரி கடைசியாக ஏறுவான், ஏழு மணிக்கு. வோண்டாவுக்குப் பத்து நிமிஷத்துக்குப் பதில் அரை மணி நேரம் கிடைக்கும். ஆனால் அந்த நால்வரும் ஊரே தூங்கும்போது ஏற வேண்டும்.

திங்கட்கிழமை அவர்களிடம் சொன்னாள்.

"ஆறு இருபத்தஞ்சா?" என்றான் ரஷான். "மிஸ் எர்லீன், அந்த நேரத்துல சேவல்கூட இன்னொரு பக்கம் புரண்டு படுக்கும்."

"வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க. நானும் கொஞ்சம் தூங்குவேன்."

டுவெய்ன்தான் முதலில் வாய் திறந்தான். "நான் வர்றேன்."

பத்தொன்பதாவது கையெழுத்தை வோண்டா பேருந்துப் படியில் வைத்தே போட்டுக் கொடுத்தாள். கேய்தர் தாளை இரண்டு முறை எண்ணினார். தொடக்கப் பள்ளிச் சமையலறையில் வேலை செய்த லூசில் என்ற பெண்மணி, இருபது நிமிஷம் முன்னதாகக் கதவைத் திறக்க ஒப்புக்கொண்டாள். நவம்பர் ஏழாம் தேதி, திங்கட்கிழமை, எண்பத்தெட்டாம் எண் பேருந்து ஆறு இருபத்தைந்துக்குக் கிளம்பியது. நடுநிலைப் பள்ளி வாசலில் நின்றபோது மணி ஏழு முப்பத்தைந்து. நால்வரும் இறங்கி ஓடினார்கள். தாழ்வாரத்தில் ஓடக் கூடாது என்று யாரோ கத்தியது எர்லீனின் காதிலும் விழுந்தது.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் அவள் திரும்பத் திரும்பச் சொல்லும் மாதங்கள். வெளியே கும்மிருட்டு. முதல் பதினைந்து நிமிஷம் பேருந்தில் அவளும் அந்த நால்வரும் மட்டும். உள்விளக்கைப் போட்டால் முன்கண்ணாடியில் பட்டுப் பாதை தெரியாது. அதனால் இரண்டு டார்ச் வாங்கி வைத்திருந்தாள். ரஷான் ஒன்றைப் பிடிப்பான், டுவெய்ன் மற்றொன்றை. சூடேற்றும் குழாய் அவள் காலடியில் மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்யும், ஆகவே நால்வரும் முன் இருக்கைகளிலேயே நெருக்கியடித்து உட்கார்ந்துகொள்வார்கள். ஈரக் கையுறையின் வாசனை, டீசல் வாசனை, கோர்டெஸின் அம்மா கட்டிக்கொடுக்கும் பொரித்த பன்றி இறைச்சியின் வாசனை. தாளின் சரசரப்பு. சண்டை.

"அடைப்புக்குறிக்கு வெளிய இருக்கறதை உள்ள எல்லாத்துக்கும் குடுக்கணும்டா. நீ முதல் ஆளுக்கு மட்டும் குடுக்குற," என்பான் ஷெல்டன்.

"ரெண்டாவது ஆளு என்கிட்ட கேக்கலையே," என்பான் ரஷான்.

"அவன் கேக்க மாட்டான். டுவெய்ன் மாதிரி."

ஜனவரியில் ஒரு காலை, ஷெல்டன் ஒரு கணக்கை உரக்க வாசித்தான். ஒரு பேருந்து ஆறு மணிக்குக் கிளம்பி மணிக்கு முப்பது மைல் போகிறது. இன்னொன்று அதே பாதையில் ஏழு மணிக்குக் கிளம்பி மணிக்கு நாற்பத்தைந்து மைல் போகிறது. இரண்டாவது எப்போது முதலாவதைப் பிடிக்கும்?

"முதல் பஸ்ஸை ஓட்டுறது யாருன்னு எனக்குத் தெரியும்," என்றான் ரஷான். "தபால்காரர் நடந்தே தாண்டிப் போவாரு."

"ஒன்பது மணி," என்றாள் எர்லீன், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பின்னால் பென்சில் ஓடும் சத்தம். பிறகு ஷெல்டன், "ஒன்பதுதான். எப்படி மிஸ் எர்லீன்?"

"ஏழு மணிக்கு முதல் வண்டி முப்பது மைல் முன்னாடி இருக்கு. பின்னாடி வர்றவன் மணிக்குப் பதினஞ்சு மைல் பிடிக்கிறான். ரெண்டு மணி நேரம். இதுல என்ன இருக்கு?"

"இதான் அல்ஜீப்ரா," என்றான் ஷெல்டன். "எக்ஸ் போடாம செஞ்சுட்டீங்க."

எர்லீன் அடுத்த நிறுத்தத்தில் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றாள். ஐம்பத்து மூன்று வயதில், காது மடல் சூடாகும் அளவுக்கு ஒரு சந்தோஷம். அதற்கு அடியில் ஒரு கோபமும் இருந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியாத கோபம். புகையிலைக் கட்டுகளை எண்ணிய வருஷங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. பிறகு பர்விஸின் பேத்தி படியில் ஏறி, "ஏன் நிக்கிறோம்?" என்றாள். எர்லீன் கியரைப் போட்டாள்.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. நேரத்துக்கு வந்ததால் மட்டும் கணக்கு வந்துவிடுமா? இருபத்தாறு பேர் வகுப்பில் இவர்கள் நால்வர் மட்டுமே கறுப்பினப் பையன்கள். கையைத் தூக்கினால் எல்லாத் தலையும் திரும்பும். டுவெய்ன் கையைத் தூக்கவே மாட்டான். பிப்ரவரியில் அவன் இரண்டு தேர்வுகளில் தோற்றான். திருமதி விட்லோ புதன்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை அவனுக்குக் கொடுத்தாள். மற்ற மூவரும் அழைக்கப்படாமலே தட்டை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போய் உட்கார்ந்தார்கள். அவன் தனியாகப் போனால் ஊர் என்ன நினைக்கும் என்பதற்காக. அதை எர்லீனிடம் சொன்னவள் திருமதி விட்லோதான். வாசலில் பேருந்து நிற்கும்போது இறங்கிவந்து ஜன்னல் வழியே பேசுவது அவளுக்குப் பழகிவிட்டிருந்தது.

மே மாதக் கடைசியில் மாநிலத் தேர்வு நடந்தது. முடிவு வந்த நாளில் கோர்டெஸ் பேருந்துக்குள் ஏறும்போதே கத்திக்கொண்டு ஏறினான். அவன் தேறிவிட்டான். ஷெல்டன் வகுப்பிலேயே இரண்டாவது. ரஷான் அவ்வளவாகக் கவலைப்படாதவன் போல், "எனக்கும் ஏதோ குடுத்திருக்காங்க," என்று தாளை நீட்டினான். டுவெய்ன் கடைசியாக ஏறினான். அவனுக்கு நான்கு மதிப்பெண்ணில் தேர்ச்சி போயிருந்தது.

எர்லீன் அவன் தாளை வாங்கிப் பார்த்தாள். "கண்ணு," என்று மட்டும் சொன்னாள்.

"பரவாயில்லைங்கம்மா. ஒன்பதாவதுல திரும்பப் படிப்பேன். பாதி தெரியும் இப்போ." பிறகு வழக்கம்போல் தாழ்ந்த குரலில், "சாதாரண வகுப்புல இருந்திருந்தா எனக்கு என்ன தெரியாதுன்னே தெரிஞ்சிருக்காது," என்றான்.

அவன் படித்தான், தேறினான். இப்போது மின்வாரியத்தில் துணைமின் நிலையங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறான். புயல் வந்தால் ஊருக்கு வெளிச்சம் திரும்பக் கொண்டுவரும் கூட்டத்தில் அவனும் ஒருவன். ஷெல்டன் பொறியியல் படித்து அட்லாண்டாவுக்குப் போய்விட்டான். கிறிஸ்துமஸுக்குக் கார்டு வரும். கோர்டெஸ் நில அளவை செய்கிறான், இன்னும் பேச்சு ஓயவில்லை. ரஷான் ராணுவத்தில் சேர்ந்தான். முதலில் கடிதம் எழுதினான். பிறகு நின்றுவிட்டது. அவன் அம்மாவும் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டாள். எங்கே இருக்கிறான் என்று கிழக்கில் யாருக்கும் தெரியாது. அவனைப் பற்றிப் பேசும்போது மட்டும் எர்லீன் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வாள்.

அடுத்த ஆகஸ்டில் ஆறு இருபத்தைந்து என்பது அச்சடித்த அட்டவணையிலேயே வந்துவிட்டது. கிழக்கிலிருந்து பதினொரு பேர் அந்த வகுப்புக்குப் போனார்கள், அதில் நான்கு பேர் பெண் பிள்ளைகள். அவர்களும் நல்ல பிள்ளைகள்தான். சண்டை போட்டார்கள், கண்ணாடியில் எழுதினார்கள். ஆனால் முதல் நாள் காலை எர்லீன் பழக்கத்தில் அந்த நால்வரின் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டாள். கதவையும் திறந்துவிட்டாள். அவர்கள் இப்போது உயர்நிலைப் பள்ளி. வேறு பேருந்து, வேறு நேரம். வெளியே யாரும் இல்லை. ஆகஸ்டு என்பதால் ஆறரைக்கு முன்பே வெளிச்சம் வந்துவிட்டிருந்தது, சாலையோரப் புல்லில் பனித்துளி மினுங்கியது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, அடுத்த வீட்டுக்கு வண்டியை ஓட்டினாள்.